டெல்லிக்கு இரண்டே முக்கால் மணி நேரம்

ஸ்டீபா,

நீ பாஸ்போர்ட்டை ஜெராக்ஸ் எடுக்க ஓ.டி. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போயிருக்கிறாய். வீட்டில் நான் மட்டும்தான். கூடத்தில் உன் பெட்டிகள் இரண்டும் வாயைத் திறந்துகொண்டு கிடக்கின்றன. ஒன்றில் துணி, இன்னொன்றில் பருப்புப்பொடியும் ஊறுகாயும். மதியச் சோறு அப்படியே இருக்கிறது, எனக்குச் சாப்பிடத் தோன்றவில்லை. நீ வருவதற்குள் இதை எழுதி முடித்துவிட வேண்டும். நேரில் சொல்ல உட்கார்ந்தால் நான் பாதியில் எழுந்து அடுப்பங்கரைக்குப் போய்விடுவேன். நேற்று போனேனே, அது மாதிரி.

நேற்று டிக்கெட்டை என் கையில் கொடுத்து வாசித்துக் காட்டினாய். மெட்ராஸிலிருந்து டெல்லி, டெல்லியில் எட்டு மணி நேரம் காத்திருக்க வேண்டும், பிறகு ஜெர்மனி, அங்கிருந்து சிகாகோ. இரண்டாயிரம் வருஷம் பிறந்ததும் உலகத்திலிருக்கும் கம்ப்யூட்டர் எல்லாம் குழம்பிப்போகும், அதைச் சரிசெய்யத்தான் கூப்பிடுகிறார்கள் என்று எனக்குப் புரியும்படி சொன்னாய். அப்புறம் சிரித்துக்கொண்டே, "தூரம்லாம் இப்ப ஒரு மேட்டரே இல்லம்மா. தாத்தா டெல்லிக்கு ரயில்ல போன நேரத்துல நான் அமெரிக்காவுக்கே போய்டுவேன். உனக்கு ஒண்ணுன்னா மறுநாளே வந்து நிப்பேன்" என்றாய். நான் எழுந்து போனதற்கு நீ பிரிந்து போகிற துக்கம்தான் காரணம் என்று நினைத்திருப்பாய். அதுவும் உண்டு. ஆனால் தாத்தா டெல்லிக்குப் போன அந்த ரயிலைப் பற்றி உனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். அதில் ஒரு பகுதி பொய். அந்தப் பொய்யைச் சொன்னது நான்.

அப்போது உனக்கு ஐந்து வயது. மண்ணூர்பேட்டையில் இதே வீட்டில்தான் இருந்தோம், மேல்மாடி மட்டும் இல்லை. உன் அப்பா இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் ஃபிட்டர். அவர்கள் செய்யும் மிஷினை விற்ற இடத்துக்கே போய்ப் பொருத்திக் கொடுத்துவிட்டு வருவது அவர் வேலை. அந்த முறை டெல்லிக்கு வெளியே ஏதோ ஒரு ஃபாக்டரி. கிறிஸ்துமஸுக்கு வந்துவிடுவதாகச் சொல்லிவிட்டுப் போனார். உன் தாத்தா, அவருடைய அப்பா, அதே எஸ்டேட்டில் வாட்ச்மேனாக இருந்து ஓய்வு பெற்று நம்மோடுதான் இருந்தார். வீட்டில் நாம் நாலு பேர்தான்.

ஒரு நாள் காலையில் கம்பெனியிலிருந்து ஒருவர் ஸ்கூட்டரில் வந்து வாசலிலேயே நின்றார். மிஷினை லாரியிலிருந்து இறக்கும்போது சங்கிலி நழுவிவிட்டதாம், உன் அப்பாவுக்கு இடுப்பிலும் வயிற்றிலும் அடியாம், ஆபரேஷன் ஆகியிருக்கிறதாம், "கொஞ்சம் சீரியஸ்" என்று டிரங்க் கால் வந்ததாம். அந்தச் சொல்லுக்கு நம் பக்கத்தில் என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியும். தந்தியில் அப்படி வந்தால் யாரும் அதை அப்படியே வாசிப்பதில்லை. பக்கத்து வீட்டுக் கமலாக்கா அதைக் கேட்டதும் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு உள்ளே ஓடினாள். அவளை நான் பார்த்தேன். வந்தவர் என் முகத்தைப் பார்க்காமல் ஸ்கூட்டர் சாவியைத் திருகிக்கொண்டே இருந்தார். மத்தியானம் போகிற விமானத்தில் ஓர் இடம் கிடைத்திருக்கிறது, நீங்கள் உடனே புறப்பட வேண்டும் என்றார்.

ஓர் இடம்தான். பன்னிரண்டாம் வகுப்பு படித்தபோது என்னிடம் ஒரு தடவை கேட்டாய், என்னை ஏன் கூட்டிக்கொண்டு போகவில்லை என்று. அன்றைக்கு நான் மடித்த துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். பதில் இதுதான். உன்னைக் கமலாக்காவிடம் விட்டேன். தாத்தா சாயங்கால ரயிலில் வருகிறேன் என்றார். அவருக்கு மட்டும் அந்தச் சொல்லில் எந்தச் சந்தேகமும் வரவில்லை. "சீரியஸ்னா இன்னாம்மா, ஆபரேசன் பண்ணிட்டாங்கல்ல? ஏழியூர்ல செல்வராசுக்கு லாரியே ஏறிச்சி, அவன் இப்போ சைக்கிள் மிதிக்கிறான். நீ மொதல்ல போ, நான் பின்னாலயே வந்துகினு இருக்கேன்" என்று சொல்லிவிட்டு, உன் அப்பாவின் சட்டைகளை எடுத்துத் தண்ணீர் தெளித்து இஸ்திரி போட ஆரம்பித்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வரும்போது போட்டுக்கொள்ள வேண்டுமாம்.

பாடி, வடபழனி வழியாகக் கம்பெனி கார் போயிற்று. டிரைவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த மௌனத்தையும் நான் எனக்குத் தெரிந்தபடி அர்த்தம் செய்துகொண்டேன். கிண்டி தாண்டியதும், காலையில் வைத்திருந்த மல்லிகைச் சரத்தைத் தலையிலிருந்து எடுத்துக் கார் ஜன்னல் வழியே வெளியே போட்டேன். யாரும் சொல்லவில்லை, நானாகத்தான் போட்டேன். இனி எதற்கு என்று தோன்றியது.

விமானத்தில் அதுதான் முதல் தடவை. அதற்குப் பிறகு ஏறவும் இல்லை. அன்றைக்கு மைக்கில் அறிவித்தார்கள், டெல்லிக்கு இரண்டே முக்கால் மணி நேரம் என்று. நீ பள்ளிக்கூட அட்லஸில் நூல் வைத்து அளந்து சொன்னாயே, ஆகாய வழியில் ஆயிரத்து எழுநூற்றுச் சொச்சம் கிலோமீட்டர், ரயில் வழியில் இரண்டாயிரத்து இருநூறு என்று, அதெல்லாம் அன்று எனக்குத் தெரியாது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். கீழே வெள்ளையாக மேகம். ஒரு பெண் தட்டில் மிட்டாயும் பஞ்சும் கொண்டு வந்தாள். நான் மிட்டாயை எடுத்து, உனக்கு ஆகும் என்று பர்சில் போட்டுக்கொண்டேன். புருஷன் செத்துப் போய்விட்டான் என்று நம்பிக்கொண்டு போகிற ஒருத்தி பிள்ளைக்கு மிட்டாய் எடுத்து வைக்கிறாளே என்று பிறகு எத்தனையோ நாள் நினைத்திருக்கிறேன். சாப்பாடு வைத்தார்கள், தொடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த வயதான பஞ்சாபிப் பெண்மணி என் தட்டிலிருந்த ரொட்டியைப் பிய்த்து என் கையில் வைத்து, சாப்பிடு என்பதுபோல் தலையை அசைத்தாள். வாயில் போட்டேன், விழுங்க முடியவில்லை. அவருக்கு என்ன துணி போட்டுப் பெட்டியில் வைப்பார்கள், மண்ணூர்பேட்டை வரை எப்படிக் கொண்டு வருவது, உனக்கு யார் சொல்வது என்று அந்த இரண்டே முக்கால் மணி நேரத்தில் எல்லாவற்றையும் யோசித்து முடித்துவிட்டேன். விமானம் தரையில் இறங்கக் கூடாது என்று மாதாவை வேண்டிக்கொண்டேன்.

ஆஸ்பத்திரிக்குப் போனால், அவர் உயிரோடு இருந்தார்.

கோட்டயத்திலிருந்து வந்து அங்கே வேலை பார்த்த நர்ஸ் ஒருத்தி இருந்தாள். தமிழும் மலையாளமும் கலந்து, நினைவோடுதான் இருக்கிறார், அதிகம் பேச வைக்காதீர்கள் என்று சொல்லி உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். நான் கட்டிலின் கால்மாட்டிலேயே நின்றுவிட்டேன். கழுத்து வரை கம்பளி. முகத்தில் ஒரு கீறல்கூட இல்லை. என்னைப் பார்த்ததும் புருவத்தை உயர்த்தினார்.

"வந்துட்டியா? பிளேன்லியா வந்த?"

"ஆமா."

"பயந்தியா?"

"இல்ல."

"எத்தினி நேரம் ஆச்சி?"

"ரெண்டே முக்கா மணி நேரம்."

"நான் வரசொல்ல ரெண்டு ராத்திரி ஆச்சி" என்று சிரிக்கப் பார்த்தார். வலித்தது போலிருக்கிறது, நிறுத்திக்கொண்டார். அப்புறம் என் தலையைப் பார்த்தார். "இன்னா, பூ வெக்கல?"

"அவசரத்துல வந்துட்டேன்" என்றேன். கிண்டியில் ஜன்னல் வழியே நான் தூக்கி எறிந்த நேரத்தில் இந்த மனிதர் இங்கே கண்ணை விழித்துக்கொண்டு என்னை எதிர்பார்த்துக் கிடந்திருக்கிறார்.

"பையன் எங்க?"

"கமலாக்கா ஊட்ல விட்டுட்டு வந்தேன்."

"கூட்டிகினு வந்திருக்கலாம்ல?"

"டிக்கெட்டு ஒண்ணுதான் கெடச்சிது."

"நைனா?"

"இந்நேரம் ரயில் ஏறியிருப்பாரு. நாளான்னிக்கு காலைல வந்துடுவாரு."

"நாளான்னிக்கா" என்றார். அந்த ஒரு சொல்லை மட்டும் சொல்லிவிட்டு மேலே பார்த்துக்கொண்டு கிடந்தார். அவருக்குத் தெரிந்திருந்தது என்று எனக்கு அப்போதே பட்டது. அப்புறம் ரொம்பச் சாதாரணமாகப் பேசினார். சைக்கிளை உள்ளே எடுத்து வைத்தாயா, மழை பெய்தால் பின்பக்கத்து ஓட்டில் ஒழுகுகிறதா, பையனுக்குச் சளி விட்டதா. நானும் பதில் சொல்லிக்கொண்டே இருந்தேன். பெரிதாக எதுவும் பேசிக்கொள்ளவில்லை. சினிமாவில் மாதிரி கையைப் பிடித்து உன்னை என்னிடம் ஒப்படைக்கவெல்லாம் இல்லை. மறுநாள் விடிந்து, நர்ஸ் ஜன்னல் கதவைத் திறந்து வெளிச்சம் உள்ளே வந்த பிறகு, தண்ணீர் கேட்டார். பஞ்சில் நனைத்து உதட்டில் வைத்தேன். அந்தப் பஞ்சு என் கையில் இருக்கும்போதே போய்விட்டார்.

விமானம் இல்லையென்றால் அந்த ஒரு சாயங்காலம் எனக்குக் கிடைத்திருக்காது. அதை நான் மறக்கவில்லை ஸ்டீபா. ஆனால் அதே நேரத்தில் உன் தாத்தா ரயிலில் இருந்தார். அன்று பகல் முழுவதும் இருந்தார். அவர் பிள்ளை ஆஸ்பத்திரியின் பின்பக்கம் பிணவறையில் இருக்க, அவர் ஆந்திராவைத் தாண்டிக்கொண்டிருந்தார். கம்பெனியின் டெல்லி ஆபீஸிலிருந்து வந்திருந்தவர் நல்ல மனிதர். வழியில் ஏதாவது பெரிய ஸ்டேஷனுக்குச் செய்தி அனுப்பி, பெட்டியில் தேடிப்பிடித்துச் சொல்லச் சொல்லட்டுமா என்று கேட்டார். நான் வேண்டாம் என்றேன். பாஷை தெரியாத ஊரில், முன்பின் தெரியாத யாரோ ஒருவன் ஜன்னல் வழியாகக் கூப்பிட்டு, உன் பிள்ளை செத்துவிட்டான் என்று சொல்லிவிட்டுப் போனால், மீதித் தூரத்தை அந்தக் கிழவர் எப்படி உட்கார்ந்து கடப்பார்? வரட்டும், நானே சொல்கிறேன் என்றேன். சொல்லிவிட்டு, அந்தப் பகல் முழுவதும் ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து அவரையே நினைத்துக்கொண்டிருந்தேன். எதிரில் இருப்பவரிடம் மகனைப் பற்றிப் பேசிக்கொண்டு வருவார். டீ வாங்கிக் குடிப்பார். மடியில் அந்த இஸ்திரிச் சட்டைகள் இருக்கும். எனக்கு அவர்மேல் இரக்கம் வந்தது, கூடவே பொறாமையும் வந்தது.

மறுநாள் காலை ஸ்டேஷனுக்குப் போனேன். பனிமூட்டத்தில் ரயில் தாமதமாக வந்தது. ஒற்றைச் சட்டையும் தலையில் கட்டிய துண்டுமாக இறங்கினார். குளிரில் உதடு நீலம் பாய்ந்திருந்தது. ஒரு கையில் துணிப்பை, இன்னொரு கையில் வலைப்பை நிறைய ஆரஞ்சு. என்னைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"எம்மா, நீ ஏன் வந்த? எனக்கு வழி கேட்டுகினு வரத் தெரியாதா? அவன்கூட யாரு கீறாங்க?"

எத்தனையோ விதமாகச் சொல்ல வேண்டும் என்று யோசித்து வைத்திருந்தேன். வாயில் வந்தது இவ்வளவுதான்.

"யாரும் இல்ல மாமா. இனிமே யாரும் வேணாம்."

அவர் அப்படியே நின்றார். இறங்குகிற ஜனம் அவரை இடித்துக்கொண்டு போயிற்று. ஒரு போர்ட்டர் இந்தியில் அதட்டினான். நான் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துக்கொண்டு போனேன். அவர் சத்தம் போட்டு அழவில்லை. வலைப்பையைக் கீழேயும் வைக்கவில்லை. "எப்போ?" என்றார்.

"நேத்து."

"நேத்து எப்போ?" என்றவர், பையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினார். "நாக்பூர்ல வண்டி நின்னுச்சி. ரத்தம் ஊறும்னு இத்த வாங்கினேன். நான் பழம் வாங்கசொல்ல அவன் இருந்தானா?"

ரயில் நாக்பூரில் நின்றது முந்தின நாள் மத்தியானம். உன் அப்பா போனது காலையில். அவர் அங்கே பேரம் பேசிப் பழம் பொறுக்கிய நேரத்தில் உன் அப்பாவுக்குக் கட்டை விரல்களைச் சேர்த்துக் கட்டியாகிவிட்டது. நான் அவர் கண்ணைப் பார்த்துச் சொன்னேன்.

"இருந்தாரு மாமா."

"சரி" என்றார். அதற்குப் பிறகுதான் உட்கார்ந்தார்.

உன் அப்பாவை ஊருக்குக் கொண்டு வர முடியவில்லை. போலீஸ், கையெழுத்து, விமானத்தில் அனுமதி என்று நாள் கணக்காகும் என்றார்கள். உன் தாத்தாதான் வேண்டாம் என்றார். "எம்புள்ளய மிஷினு மாதிரி பொட்டில அடிச்சி ஏத்த வேணாம்" என்றார். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துக் கோயில் ஃபாதர் ஏற்பாடு செய்தார். தாத்தா இஸ்திரி போட்டுக்கொண்டு வந்த சட்டைகளில் ஒன்றைத்தான் போட்டோம். நாங்கள் இரண்டு பேர், ஆபீஸ்காரர், நர்ஸ், குழி வெட்டியவர்கள், ஃபாதர். அவ்வளவுதான் கூட்டம். அன்றே ரயில் ஏறினோம். இரண்டு ராத்திரியும் தாத்தா உட்கார்ந்தேதான் வந்தார். வீட்டுக்குள் நுழைந்ததும் நீ ஓடி வந்து, அப்பா எங்கே என்று என்னைக் கேட்கவில்லை. தாத்தாவைத்தான் கேட்டாய். அவர் உன்னைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டார். என்ன சொன்னார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

மீதி உனக்குத் தெரியும். வீட்டுக்கு யார் வந்தாலும் தாத்தா அந்தக் கதையைச் சொல்வார். "நாக்பூர் வரிக்கும் எம்புள்ள உசுரோட இருந்தான்" என்பார். நீ ஒரு நாள் அட்லஸை விரித்து நூலை வைத்து அளந்து, "தாத்தா, நாக்பூர் சரியா பாதி தூரம்" என்று சொன்னாய். அவருக்கு அப்படி ஒரு திருப்தி. அன்றிலிருந்து, பாதி தூரம் அவன் எனக்காகக் காத்துக்கொண்டிருந்தான் என்று சொல்ல ஆரம்பித்தார். நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்திலிருந்து எடுத்து வந்திருந்த பிள்ளைகளின் சிலேட்டுகளைத் துடைத்துக்கொண்டு சும்மா இருந்தேன். தாத்தா படுத்த படுக்கையாக இருந்தபோது, நீ டியூஷனுக்குப் போயிருந்த ஒரு நாள், என்னைக் கிட்டே கூப்பிட்டார். "எம்மா, நெஜமாவே இருந்தானா?" என்றார். அத்தனை வருஷமும் அவருக்குள் அந்தச் சந்தேகம் இருந்திருக்கிறது. "இருந்தாரு மாமா" என்றேன் மறுபடியும். அவர் என் கையைத் தட்டிக் கொடுத்தார். நம்பினாரா, என்னை மன்னித்தாரா என்று எனக்குப் புரியவில்லை.

அந்தப் பொய்யைச் சொன்னது சரியா என்று இன்னும் எனக்குத் தெரியாது. ஆனால் உன்னிடம் அப்படி ஒரு பொய்யைச் சொல்ல மாட்டேன், யாரையும் சொல்ல விடவும் மாட்டேன். கமலாக்காவிடம் பேசிவிட்டேன். எனக்கு ஏதாவது ஆனால் உனக்கு உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். உயிர் இருந்தால் இருக்கிறது, போய்விட்டால் போய்விட்டது. சீரியஸ் என்று சொல்லக் கூடாது. "இன்னா பேச்சுமே இது, புள்ள கெளம்பசொல்ல" என்று திட்டினாள், ஆனாலும் சத்தியம் செய்து கொடுத்தாள். மறுநாளே வந்து நிற்பேன் என்று நீ எனக்கு வாக்குக் கொடுக்காதே. கொடுத்தால், வர முடியாமல் போகும் நாளில் அது உன்னைத்தான் அறுக்கும். என்னை ஐஸ் பெட்டியில் உனக்காகக் காத்திருக்க வைக்கவும் வேண்டாம். போகும் வழியில் யாராவது சாப்பாடு வைத்தால் சாப்பிடு. பக்கத்தில் இருப்பவர் ரொட்டியைப் பிய்த்துக் கையில் வைத்தால், அதையாவது விழுங்கு. இங்கே புறப்பட்டு அங்கே சேரும்வரை உன்கூட யாரும் இருக்க மாட்டார்கள். அந்த நேரத்தை நீ தனியாகத்தான் கடக்க வேண்டியிருக்கும். அதற்கு உடம்பில் தெம்பு வேண்டும்.

இன்னும் ஒன்று கேட்கிறேன். டெல்லியில் உனக்கு எட்டு மணி நேரம் இருக்கிறது. பகல் நேரம்தான். அப்பாவைப் பார்த்துவிட்டுப் போ. நான் அதற்கப்புறம் போகவே இல்லை. முதலில் உன்னை விட்டுவிட்டுப் போக முடியவில்லை, பிறகு தாத்தாவை. அதற்கப்புறம் எனக்குத் தைரியம் வரவில்லை. கல் வைக்க வேண்டும் என்று ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் பேசுவோம், அதோடு சரி. வைத்தது ஓர் இரும்புச் சிலுவை மட்டும்தான். அதில் எழுதிய பெயிண்ட் எந்த மழையில் போயிற்றோ. பின்பக்கத்துச் சுவரை ஒட்டி, வேப்பமரங்கள் இருக்கும் பக்கம். கோயிலின் பெயரைத் தனிச்சீட்டில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். பதினேழு வருஷத்தில் அந்த இடத்தில் வேறு யாரையாவது வைத்திருக்கவும் கூடும். கண்டுபிடிக்க முடியவில்லை என்றால் அலையாதே, விமானத்தைத் தவறவிடாதே. அந்தச் சுவரோரம் எங்கேயாவது நின்றால் போதும். மனசுக்குள் பேசாதே, வாய்விட்டுப் பேசு. முதலில் உன் பெயரைச் சொல், ஸ்டீபன் வந்திருக்கிறேன் என்று. அவர் கேட்டுவிட்டுப் போனது ஐந்து வயதுப் பிள்ளையின் குரலை. இந்தக் குரலை வைத்து, வந்திருப்பது யார் என்று அவருக்குத் தெரியாது.

அம்மா